நான்கு இடுப்பெலும்புகள்

கோக்-ஜார் காவல் நிலையத்தில் புலனாய்வாளராக இருந்த இருபத்தாறு வருஷத்தில் பெய்ஷென் கையை ஓங்கி யாரும் பார்த்ததில்லை. குரல் உயர்ந்து கேட்டவர்களும் குறைவு. அவருடைய அறைக்குள் இழுத்துவரப்பட்ட ஆள் அடியை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் வரும். கொஞ்ச நேரம் கழித்துக் கேள்வி வரும்.

"நேத்து என்ன சாப்பிட்ட?"

இந்தக் கேள்வியைக் கிண்டல் செய்யாத சக அதிகாரி கிடையாது. பக்கத்து மேஜை கேப்டன் தாஷ்தான், "அண்ணன் திருடன் பிடிக்கறாரா, சமையல் புஸ்தகம் எழுதறாரா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். பெய்ஷென் சிரித்துக்கொள்வார். எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று கேட்டால் எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கும். சாப்பாட்டைப் பற்றி யாரும் பொய் தயாரித்து வைப்பதில்லை. எழுபத்தெட்டில் கடை உடைத்தவன் ஒருவன், "கருவாடு" என்று வாய்தவறிச் சொல்லி மாட்டினான். அந்த வாரம் மாவட்டத்திலேயே அந்த ஒரு கடைக்குத்தான் கருவாடு வந்திருந்தது.

குதிரை மேய்ப்பவரின் மகன் அவர். பிறந்தது நாற்பத்தொன்பதில், கோடை மேய்ச்சலுக்குப் போன இடத்தில், கம்பளிக் கூடாரத்தில். கூட்டுப்பண்ணையின் நானூறு குதிரைகளை அப்பா பார்த்துக்கொண்டார். ஏழு வயதில் பெய்ஷென் மந்தையை ஒரு பார்வை பார்த்து, எண்ணாமலே, "அந்த நெத்திச்சுட்டி வெச்சது காணோம்" என்று சொல்லிவிடுவார். சட்டம் படிக்கத் தலைநகருக்குப் போனபோது பாடமெல்லாம் ரஷ்ய மொழியில். முதல் வருஷம் வாத்தியார் பேசியதில் பாதி புரியவில்லை. குற்றவியல் சட்டத்தை மனப்பாடம் செய்தே தேறினார். அர்த்தம் அப்புறம் மெதுவாக வந்து சேர்ந்தது.

அந்த ஒரு வருஷம் அவரிடம் ஒரு பழக்கத்தை விட்டுப்போனது. விசாரணை கிர்கிஸ் மொழியில் நடக்கும், வாக்குமூலம் ரஷ்யனில் எழுதப்படும். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் ஏதாவது கீழே விழுந்துவிடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. எழுதி முடித்ததும் முழுவதையும் திரும்பக் கிர்கிஸில் வாசித்துக் காட்டுவார். "எழுதினது நீ சொன்னதுதானா?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் கையெழுத்து. இதனால் ஒவ்வொரு வழக்கும் அரை நாள் இழுக்கும். மேலதிகாரிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர் அனுப்பிய கோப்பு நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்ததே இல்லை என்பதால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

எண்பத்து மூன்றில் ஒரு கல்யாண வீட்டில் கத்திக்குத்து. பன்னிரண்டு சாட்சிகளும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவைத்தாற்போலச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாத்திரம் கழுவிய பெண்ணைக் கூப்பிட்டு யார் எந்தத் தட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார்கள் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் குத்தியவன் கிடைத்தான்.

இரண்டாயிரத்தொன்றில் ஓய்வு பெற்ற நாளில் இந்த மாதிரிக் கதைகளையெல்லாம் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கடைசியில், "நீங்களே ஒண்ணு சொல்லுங்கண்ணே, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு" என்றார் தாஷ்தான். பெய்ஷென் சொன்னது, தாமே தப்பான ஆளைப் பிடித்து உள்ளே வைத்த வழக்கு.

தொண்ணூற்று நான்கு, அக்டோபர் ஆரம்பம். கூட்டுப்பண்ணை கலைந்து, ஆடுமாடெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, அதையும் பலர் தின்று தீர்த்திருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலை செயில் டீச்சருடைய பெண்குதிரை காணாமல் போனது. நான்கு வயது, முதல் ஈற்று, இடது தொடையில் பிறைச் சூட்டுக்குறி. குட்டி மட்டும் பட்டியில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நான்கு குழந்தைகளுக்கும் பால் அந்த ஒரு குதிரைதான்.

மறுநாள் சனிக்கிழமை அதே ஊரில் ஓஸ்மோன் தன் தகப்பனாருக்கு முதலாண்டு நினைவு விருந்து வைத்தான். பண்ணையின் பழைய லாரிக் கொட்டகைக்குப் பொறுப்பாளனாக இருந்து ஊரில் பேர் எடுத்தவன். எட்டுக் கூடாரம் போட்டு, கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்திகள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கிய விருந்து.

பெய்ஷென் ஓஸ்மோனை விசாரிக்காமல் விடவில்லை. திங்கட்கிழமை போய்க் கேட்டார். ஓஸ்மோன் கால்நடை வைத்தியர் கொடுத்த தாளைக் காட்டினான். விருந்துக்கு ஒரு குதிரை, காயடித்தது, வயது பதினாறு. வேலியில் அதன் தோல் காய்ந்துகொண்டிருந்தது. பெய்ஷென் தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பினார். செத்துப்போன தகப்பன் பேரில் ஊருக்கே சோறு போட்டுத் துவா கேட்கிற விருந்துக்கு ஒருவன் திருட்டுக் குதிரையை அறுப்பான் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்குமே தோன்றாது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரியாக இருந்தால் ஒருவேளை தோன்றியிருக்கும்.

அன்று மத்தியானமே கணவாய் அடிவாரத்தில் முகாஷ் என்ற ஆட்டிடையனின் வீட்டு வாசலில் குளம்புத் தடம் கிடைத்தது. கொட்டகைக்குள் செயில் டீச்சருடைய குதிரையின் தலைக்கயிறு தொங்கியது. முகாஷுக்கு முப்பது வயது இருக்கும், மூன்று குழந்தைகள்.

"நேத்து என்ன சாப்பிட்ட?" என்று ஆரம்பித்தார் பெய்ஷென்.

"ரொட்டி, டீ."

"முந்தாநாள்?"

"அதேதான், தோழர் மேஜர்."

"கயிறு எப்படி உன் கொட்டகைக்கு வந்துச்சு?"

முகாஷ் தேநீரைப் பார்த்தான். "எழுதிக்கோங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அதைத்தான் எழுதினார். வாசித்துக் காட்டினார். சொன்னதுதானா என்று வழக்கம்போலக் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. அதான் எழுதியிருக்கு" என்று முகாஷ் கையெழுத்துப் போட்டான்.

வழக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கு வருவதாக முடிவானது. திருட்டு அதிகமாகிவிட்டதால் நீதிபதிகள் அப்போது கடுமையாக இருந்தார்கள். முகாஷுக்கு ஐந்து வருஷத்துக்குக் குறையாது.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை பெய்ஷென் மனைவி சாய்ராவோடு மாமனார் வீட்டுக்குப் போனார். மாமனார் காசிமாலி பண்ணையில் டிராக்டர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். மாவட்டத்தில் எந்த விருந்திலும் தனக்கு என்ன எலும்பு வந்தது என்பதை நாள் கிழமையோடு சொல்லக்கூடியவர். விருந்தில் எலும்பு என்பது சாப்பாடு மட்டுமில்லையே. யார் பெரியவர், யார் அவருக்கு அடுத்தவர் என்று ஊர் அறியச் சொல்கிற தட்டு அது. அதில் இடுப்பெலும்பு உச்சம். அங்கே அதை உடைத்துப் பங்கு போடுவதில்லை. கறியோடு முழுசாக வைப்பார்கள்.

"ஓஸ்மோன் மரியாத தெரிஞ்சவன்" என்றார் காசிமாலி, தேநீரை ஊதிக்கொண்டே. "எனக்கும் நம்ம ஊர்க் கிழவன் துர்துபாய்க்கும்தான் வெச்சான். எங்க கூடாரத்துலதான் ரெண்டும். ஆனா இந்த அப்தில்தா இருக்கானே, கணவாய்க்கு அந்தாண்ட சம்பந்தி வீட்டு ஆளு, சந்தையில என்னைப் பாத்து, எனக்கும் இடுப்பெலும்புதான் வந்துதுங்கறான். வயசானா பல்லு போகும். அவனுக்கு வெக்கமும் சேந்து போயிடுச்சு."

பெய்ஷென் ரொட்டியை மெல்வதை நிறுத்தினார்.

"அவர் சும்மா சொல்லியிருப்பார் மாமா."

"அதைத்தான் நானும் சொல்றேன். சும்மாகூட நல்லாச் சொல்லத் தெரியல. கறி செருப்புத் தோல் மாதிரி இருந்துதாம். பொய் சொல்றவன், நல்லா இருந்துதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எனக்கு வந்தது வாயில வெச்சதும் கரைஞ்சுது. உனக்கும்தான் அனுப்பிச்சேனே. சாய்ரா குடுத்தாளா, இல்ல அவளே தின்னுட்டாளா?"

"குடுத்தேன்ப்பா" என்றாள் சாய்ரா. "ரெண்டு தட்டு தின்னாரு. எலும்பக்கூட விடல."

பெய்ஷெனுக்கு நினைவிருந்தது. விருந்துக்குப் போனவர் தன் பங்கை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்து மகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுப்பது வழக்கம். அந்தக் கறியைத் தின்றபடிதான், திங்கட்கிழமை இரவு, முகாஷ் மேலான குற்றச்சாட்டை அவர் எழுதினார். மெத்தென்ற கறி. பதினாறு வயதுக் குதிரையின் கறி எப்படி இருக்கும் என்று மேய்ப்பவர் மகனுக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு நாக்குக்குத் தெரிந்தது மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரு குதிரைக்கு இரண்டு இடுப்பெலும்பு. அப்தில்தா பொய் சொல்லவில்லை என்றால் ஓஸ்மோன் இரண்டு குதிரை அறுத்திருக்கிறான்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கணவாய் ஏறினார். அப்தில்தா வாசலிலேயே நின்று பேசினார்.

"காசிமாலி அனுப்பிச்சானா? நான் சொன்னது பொய்யின்னு பாக்க வந்தியா?"

"இல்ல பெரியவரே. உங்க கூடாரத்துல வேற யாருக்கு வந்துதுன்னு கேக்க வந்தேன்."

"எனக்கு ஒண்ணு, என் அண்ணனுக்கு ஒண்ணு. உள்ள வந்து அவன்கிட்டயே கேளு. ரெண்டு பேரும் லாரியில மடியில வெச்சுக்கிட்டு வந்தோம். என் பொண்டாட்டி அதை ரெண்டு நாள் வேக வெச்சா. ரெண்டாம் நாளும் அது குதிரையாவே இருந்துச்சு."

நான்கு எலும்பு. இரண்டு மெத்தென்று, இரண்டு செருப்புத்தோல். ஓஸ்மோன் செய்த காரியம் பெய்ஷெனுக்கு முழுசாகத் தெரிந்தது. விருந்துக்கு ஒரு குதிரை போதும் என்றுதான் இருந்திருப்பான். சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு லாரிக் கூட்டம் வரும், அதில் இடுப்பெலும்புக்குக் குறைந்து எதையும் வைக்க முடியாத இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள் என்று கடைசி நேரத்தில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவர்களுக்கு ஆட்டெலும்பை வைத்தால் தகப்பன் பேர் கெட்டுவிடும். திருடிப் பிடிபடுவதைவிட அது அவனுக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு படி குறைத்து வைத்திருந்தால் அவனை யாராலும் பிடித்திருக்க முடியாது.

முகாஷ் வாய் திறக்காததற்கும் காரணம் கிடைத்தது. முகாஷின் மனைவி ஜிபார், ஓஸ்மோனுடைய தங்கை. ஓஸ்மோனின் தம்பி குதிரையை ஓட்டிக்கொண்டு போகும் வழியில் அக்காள் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்க நின்றிருக்கிறான், கயிறு அங்கே தங்கிவிட்டது. மைத்துனன் பேரைப் போலீசில் சொல்வதா என்று முகாஷ் சிறைக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருக்கிறான். மாமனார் விருந்தில் சாப்பிட்டதைக்கூட ரொட்டி, டீ என்று மறைத்தது அதனால்தான்.

அன்று சாயங்காலம் அரசு வழக்கறிஞர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "கறி மெத்துன்னு இருந்துச்சுன்னு சொல்லி ஒருத்தன் வீட்டைச் சோதனை போட உத்தரவு கேக்கறீங்க?"

"நாலு எலும்புன்னு சொல்லிக் கேக்கறேன்."

"அப்ப நாலு பேரும் எழுதிக் குடுக்கட்டும். கையெழுத்து இல்லாம எனக்கு அது சந்தைப் பேச்சு."

செவ்வாய்க்கிழமை பெய்ஷென் அப்தில்தாவிடம் தாளை நீட்டினார். இது எதற்கு என்று கிழவர் கேட்டார். பெய்ஷென் மறைக்காமல் சொன்னார். அப்தில்தா முகம் மாறிவிட்டது.

"திருட்டுக் குதிரையா? நான் ஒண்ணும் சாப்பிடல."

"நேத்து சொன்னீங்களே."

"நேத்து பெருமைக்குச் சொன்னேன். நான் விருந்துக்கே போகல. அன்னிக்கு எனக்கு முட்டி வலி."

"உங்களுக்கு வந்தது அந்தக் கிழட்டுக் குதிரைதான் பெரியவரே. செருப்புத்தோல்னு சொன்னீங்களே, அது உங்களக் காப்பாத்திடுச்சு. உங்க மேல ஒரு பேச்சும் வராது."

அப்தில்தா நிமிர்ந்தார். "அப்ப ஹராம் தின்னது காசிமாலியா?"

"ஆமா."

"அவன் கையெழுத்துப் போட்டானா?"

"இன்னும் இல்ல."

"அவன் போடட்டும். அதுக்குக் கீழ நான் போடறேன். பெருசாவே போடறேன்."

ஆக எல்லாம் காசிமாலியில் வந்து நின்றது. வியாழக்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி. பெய்ஷென் மாமனார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். கிழவருக்குச் சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது.

"என் பேரைக் கோர்ட்டுல வாசிப்பாங்களா?"

"வாசிப்பாங்க மாமா."

"ரஷ்யன்லயா, நம்ம பாஷையிலயா?"

"ரெண்டுலயும்."

"ரஷ்யன்ல மட்டும் வாசிக்கச் சொல்லேன். முன்வரிசையில இருக்கற நாலு பேருக்குத்தான் புரியும்."

"அப்படிச் செய்ய முடியாது."

காசிமாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுபத்தொரு வயசுல, ஒரு செத்தவன் பேர் சொல்லிக் கையேந்தி துவா கேட்டுட்டு, ஒரு டீச்சரம்மாவோட குழந்தைங்க பாலைத் தின்னுட்டு வந்திருக்கேன்னு ஊர் பேசும். எனக்கு வந்தது நல்லா வேகலைன்னு எழுதிக்கயேன் மாப்ள. எனக்கும் பல்லு வலிச்சுதுன்னு வெச்சுக்கோ."

"நாலும் செருப்புத்தோலா இருந்தா ரெண்டாவது குதிரையே இல்ல மாமா. முகாஷ் அஞ்சு வருஷம் உள்ள இருப்பான். ஒண்ணும் செய்யாம."

"அது நீ பண்ணின வேலை. நீதானே அவனைப் பிடிச்ச?"

இந்தப் பேச்சு வரும் என்று பெய்ஷெனுக்குத் தெரியும். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அரசு வழக்கறிஞர் அம்மாளுக்கு அவர் எழுதியது, இரண்டு மொழியிலும். வழக்கமாகச் செய்வதுபோலவே அதை மாமனாருக்குக் கிர்கிஸில் வாசித்துக் காட்டினார். மேஜர் பெய்ஷென் ஆகிய நான், முகாஷ் என்பவரைத் தவறாகக் கைது செய்தேன். விருந்து வீட்டைச் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படவில்லை. திருட்டுக் குதிரையின் கறியை என் வீட்டிலேயே, இரண்டு தட்டு, ருசித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே குற்றச்சாட்டை எழுதினேன்.

காசிமாலி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"உன்னை வேலைய விட்டுத் தூக்கிட்டா என் பொண்ணு என்ன பண்ணுவா?"

"கேட்டேன். ஆடு மேய்க்கலாம்னு சொன்னா."

"உனக்கு ஆடு மேய்க்கத் தெரியாதே. குதிரைதான தெரியும்." கிழவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு தட்டுன்னு எழுதினது நல்லதுதான். எல்லாரும் உன்னைத்தான் சிரிப்பாங்க. நான் ஒரு தட்டுதான் தின்னேன். அதையும் எழுதிக்கோ. மெத்துன்னு இருந்துச்சுன்னும் எழுதிக்கோ. எழுதினா உள்ளதை எழுது."

கையெழுத்துப் போட்டார். துர்துபாய், காசிமாலி போட்ட பிறகு எனக்கென்ன என்று போட்டார். அப்தில்தாவும் அவர் அண்ணனும் சொன்னபடி பெரிதாகவே போட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஓஸ்மோன் வீட்டுக்குப் பின்னால், குளிர்காலத்துக்கு ஆள் உயரம் அடுக்கி வைத்திருந்த வறட்டியைத் தாஷ்தானும் இரண்டு காவலர்களும் பிரித்தார்கள். மூன்றாவது வரிசைக்குக் கீழே, சுருட்டிக் கட்டி, தோல். இடது தொடையில் பிறை. ஓஸ்மோன் ஒன்றும் மறுக்கவில்லை. திண்டாடிப்போய்க் கேட்டது ஒன்றுதான்: "அப்தில்தா பெரியப்பாவுக்குக் கறி வேகலையாமே, நிஜமா?"

பெய்ஷென் அவனைத் தாஷ்தானிடம் விட்டுவிட்டு ஜீப்பைத் திருப்பினார். காவல் நிலையத்துக்குப் போய், சாவியைத் தாமே வாங்கி, அறையைத் தாமே திறந்தார்.

"முகாஷ், வெளிய வா. உன் மேல குத்தம் இல்ல. நான்தான் தப்புப் பண்ணினேன்."

முகாஷ் எழுந்திருக்கவில்லை. "யாரு சொன்னாங்க, தோழர் மேஜர்?"

"யாரும் சொல்லல. தோல் கிடைச்சிடுச்சு."

"எங்க கிடைச்சுது?"

பெய்ஷென் சொன்னார். முகாஷ் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். பெய்ஷென் அவனை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடிவாரத்துத் திருப்பத்தில் வீட்டுப் புகை தெரிந்தபோது முகாஷ் வாயைத் திறந்தான்.

"அண்ணே, ஒரு உதவி. நீங்க உள்ள வந்து அவகிட்டச் சொல்லணும். நான் அவ அண்ணன் பேரைச் சொல்லலைன்னு. நான் சொன்னா நம்புவா. ஆனா நம்பினதுக்கப்புறம் யோசிப்பா. நீங்க சொன்னா யோசிக்க மாட்டா."

ஜிபார் வாசலில் நின்றிருந்தாள். சின்னது இடுப்பில், மற்ற இரண்டும் காலைப் பிடித்துக்கொண்டு. புருஷனைப் பார்த்தாள், பெய்ஷெனைப் பார்த்தாள். அண்ணனைப் பிடித்த சேதி அவளுக்கும் வந்திருந்தது. அழுது முடித்த முகம்.

பெய்ஷென் தொப்பியைக் கழற்றினார். "தங்கச்சி, உன் புருஷனை ஒன்பது நாள் அடைச்சு வெச்சேன். தினம் கேட்டேன். உன் அண்ணன் பேரு அவன் வாயிலேருந்து வரல. என்கிட்ட எழுதின தாள் இருக்கு. அதுல ஒரு வரிதான் இருக்கு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு. வேணும்னா வாசிச்சுக் காட்டறேன்."

"வேணாம்" என்றாள் ஜிபார்.

குழந்தையை முகாஷிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வர நேரமானது. பெய்ஷென் ஜீப்புக்குப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். மேஜராகி ஆறு வருஷமாகியும் ஒரு வாசலில் அப்படி நின்றதில்லை என்று பின்னாளில் சொல்வார். அவள் ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வாசலுக்கு வந்தவர் ரொட்டியைத் தொடாமல் போகக்கூடாது.

பெய்ஷென் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று விழுங்கும்வரை மூவரும் நின்றார்கள். பிறகு அவர் ஜீப்பில் ஏறி, நாளைக்கு நீதிமன்றத்தில் வாசிக்க வேண்டிய தாளை இன்னொரு முறை சரிபார்க்கக் கோக்-ஜாருக்குக் கிளம்பினார்.